எனக்கெதுக்கு அந்தத் தகர டப்பா

காபி நன்றாக இருக்கிறது, மேடம். போலீஸ் நிலையத்துக் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த மேசை விளக்கை மட்டும் கொஞ்சம் அப்படித் திருப்பி வைத்தால் போதும், கண் கூசுகிறது. நன்றி.

என் பெயர், விலாசம் எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எவரிஸ்த் ஷபனெல். ஓய்வு பெறும்வரை எடை, அளவு ஆய்வாளராக இருந்தேன். இந்த மலைப்பக்கத்துச் சந்தைகளில் தராசு வைத்திருந்த ஒவ்வொருவனுக்கும் என்னைத் தெரியும். பிடிக்குமா என்பது வேறு விஷயம். எடை குறைத்துத் தேன் விற்ற கன்னியாஸ்திரீகளைக்கூட நான் விட்டதில்லை. பல் டாக்டர் பஸ்தீத் எங்கள் வீட்டு முற்றத்தின் ஓரத்திலிருந்து பள்ளத்தில் விழுந்தது விபத்து என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அது தப்பு. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாததில்லை. இரண்டு குதிரை என்று நாடு முழுக்கச் செல்லமாகக் கூப்பிடுகிறார்களே, அந்தக் கார். முன்னாலிருந்து பார்த்தால் தவளை. மேலே துணிக்கூரை, மத்தி மீன் டப்பாவைத் திறப்பதுபோல் சுருட்டிவிடலாம். கியர் ஒரு குடைக் கைப்பிடி, டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடியை மடித்து மாட்டினால் அடுத்த குழியில் அதுவே அவிழ்ந்து முழங்கையில் விழும். முழங்கைத் தழும்பைச் சட்டையை மடித்துக் காட்டிப் பெருமைப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வளைவில் ஒரு பக்கமாகப் படுத்துவிடும், ஆனால் கவிழாது. கவிழாமல் இருப்பதற்காக ஒரு வண்டியைக் கொண்டாடுவார்களா? இவர்கள் கொண்டாடுவார்கள். பெட்ரோலை முகர்ந்து பார்த்தே ஓடிவிடுகிறது என்பார்கள். கம்பித் துண்டும் இடுக்கியும் இருந்தால் வழியிலேயே பழுது பார்த்துவிடலாம் என்பார்கள். பழுதாகாத வண்டியாக ஒன்றை வாங்கித் தொலைக்கலாமே என்று ஒருவனுக்கும் தோன்றாது.

என் மனைவி சிதோனி ஊர் ஊராகப் போய்ப் பியானோ சொல்லிக்கொடுத்தவள். அந்த வண்டியை அவள் சொந்தக் காசில் வாங்கினாள், என்னைக் கேட்காமல். அதற்கு பிம்ப்ரெனெல் என்று பெயரும் வைத்தாள். சாலட்டில் நறுக்கிப் போடுகிற ஒரு கீரையின் பெயர் அது. படித்த பெண், காருக்குக் கீரைப் பெயர் வைக்கிறாள்.

"ஒரு தடவை உக்காந்துதான் பாரேன், எவரிஸ்த். கடிச்சிடாது" என்றாள்.

"கடிக்கறதுக்கு அதுக்குப் பல்லு இருக்கா என்ன?"

"இல்லாட்டி என்ன, நம்ம பஸ்தீத் கிட்ட சொல்லி ஒரு செட்டு கட்டிட்டா போச்சு."

பஸ்தீத் பக்கத்தில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தான். இரண்டு குதிரைக்காரர்கள் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். பெரிய உடம்பு, பெரிய கை, உடம்பெல்லாம் கிராம்பு வாசனை. அந்தக் கை எப்படி மனிதர்களின் வாய்க்குள் போயிற்று என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தச் சங்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வக்கீல், தபால்காரர், ஆட்டுக்காரி, பாதிரியார் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத கூட்டம். வழியில் இன்னொரு இரண்டு குதிரையைக் கண்டால் முன்விளக்கை மினுக்கிக் கையாட்ட வேண்டும். சிதோனி இடுப்புவரை வெளியே நீட்டி ஆட்டுவாள். பக்கத்து இருக்கையில் நான் என் மடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோடையில் ஏதாவது ஒரு மேட்டில் கூடுவார்கள். வண்டிகளின் இருக்கைகளைக் கழற்றிப் புல்லில் போட்டு உட்கார்ந்து, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைத் தின்றுகொண்டு, யாருடைய வண்டி அதிகத் துரு என்று போட்டி வைப்பார்கள். தொழிற்சாலை அந்த வண்டியைச் செய்வதை நிறுத்திய வருடம் அத்தனை பேரும் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு திரிந்தார்கள். சிதோனி எனக்கும் ஒன்று தைத்து வைத்திருந்தாள். நான் கட்டிக்கொள்ளவில்லை. அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் காரியம் நடந்ததே அதனால்தான்.

இந்த வண்டிக்கு முன்னால் நின்று ஹேண்டில் போட்டும் கிளப்பலாம். பாட்டரி தீர்ந்தால் அப்படித்தான் செய்வார்கள். கியரில் கிடக்கிற வண்டிக்கு ஹேண்டில் போட்டால் அது எம்பிவந்து ஆளை இடித்துவிடும். ஆகவே குடைக் கைப்பிடியை ஆட்டிப் பார்க்காமல் எவனும் ஹேண்டிலைத் தொடக் கூடாது என்று பஸ்தீத் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்துவான். ஆனால் ஒரு வண்டி கைமாறும்போது மட்டும் முறை வேறு. பழைய சொந்தக்காரர் உள்ளே ஸ்டியரிங் முன்னால் உட்கார வேண்டும். புதியவர் வெளியே நின்று தன் கையால் ஹேண்டில் போட்டுக் கிளப்ப வேண்டும். வண்டி கிளம்பிவிட்டால் அந்த நொடியிலிருந்து அது அவருடையது. அன்றைக்கு மட்டும் கியரைப் பார்க்கக் கூடாது. பார்த்தால், கொடுக்கிறவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அது பெரிய அவமரியாதையாம்.

இதை வகுத்தவனும் பஸ்தீத்தான். ஊருக்கெல்லாம் எச்சரிக்கை சொல்லிவிட்டு, வண்டி கைமாறுகிற நாளில் மட்டும் குருடனாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்ட மனிதனைப் பற்றி என்ன நினைப்பது?

சிதோனி போன இலையுதிர் காலத்தில் இறந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், நானும் பஸ்தீத்தும் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்தோம். அவள் அவனைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கப்புறம் பிம்ப்ரெனெல்லை நீ எடுத்துக்கோ பஸ்தீத். எவரிஸ்துக்கு அது கண்ணுலயே ஆகாது. அவன்கிட்ட இருந்தா துருப்பிடிச்சே செத்துடும்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "சரிதானே?"

"தாராளமா" என்றேன். வேறென்ன சொல்வது? அவள் வாங்கிய நாளிலிருந்து அதைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க பஸ்தீத் வாரம் தவறாமல் வந்தான். தொத்திறைச்சி போட்டுச் சமைத்த பயறு, சீஸ் போட்டு அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு என்று ஏதாவது ஒரு சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு வருவான். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு என் தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போவான். ஒரு தடவை என் கடைவாய்ப் பல்லை எங்கள் சமையலறையிலேயே பார்த்துச் சரிசெய்தான், காசு வாங்கவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது. வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். கொட்டகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். அவ்வளவு நாசூக்கு.

வண்டியை நான் சரியாகத்தான் வைத்திருந்தேன், மேடம். இதைச் சொல்லிவிட வேண்டும். கவனிக்காமல் விட்டேன் என்று நாளைக்கு அவன் சங்கத்தில் போய்ச் சொல்லிவிடக் கூடாதே. ஆகவே வாரத்துக்கொரு முறை கிளப்பி, சூடேறும்வரை ஓடவிட்டேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டேன். எலி கடித்த இருக்கை உறையை அவிழ்த்து, சிதோனியின் பெட்டியிலிருந்த நூலால் தைத்தேன். சில சாயங்காலங்களில் ஸ்பிரிங் எப்படி இருக்கிறது என்று பார்க்க உள்ளே உட்கார்ந்திருப்பேன். ஸ்பிரிங்கைப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். என்னுடைய சொந்தக் கார் அந்தக் குளிர்காலம் பூராவும் வெளியே பனியில் நின்றது. கொட்டகையில் இரண்டுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

வசந்தம் வந்ததும் நானே பேச்சை எடுத்தேன். யாருடைய தயவுக்கும் காத்திருக்கிற பழக்கம் எனக்கில்லை.

"எப்ப எடுத்துட்டுப் போறீங்க, டாக்டர்?"

அவன் கழுவிக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "சார், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அதை நீங்களே வெச்சுக்கணும்னு தோணுச்சுன்னா ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். சிதோனி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. எனக்குத்தான் ஏற்கெனவே ரெண்டு இருக்கே."

இரண்டு இருக்கிறவனுக்கு மூன்றாவது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் நினைத்தேன்.

"எனக்கெதுக்கு அந்தத் தகர டப்பா?" என்றேன்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா, சார்?"

"கொட்டகை காலியானா விறகு அடுக்கலாம்."

அவன் என் முகத்தையே பார்த்தான். டாக்டர்கள் வலிக்கிறதா என்று கேட்டுவிட்டு ஒரு பார்வை பார்ப்பார்களே, அந்தப் பார்வை. எனக்கு அப்போதுதான் தீர்மானமாயிற்று. ஒருவன் நம் வாயைப் பிடுங்கப் பார்க்கிறான் என்றால் எவ்வளவு நாள்தான் பொறுப்பது?

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. சங்கத்து ஆட்கள் எல்லோரும் வண்டிகளோடு வரத் துடித்தார்களாம். பஸ்தீத்தான் தடுத்திருக்கிறான். "வேணாம்னு சொல்லிட்டேன், சார். உங்களுக்குக் கூட்டம் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றான் போனில். சாட்சி இல்லாமல் பார்த்துக்கொண்டது அவன்தான், நான் இல்லை. இடத்தையும் அவன்தான் சொன்னான். முற்றத்தின் கோடியில், ஆற்றுப் பள்ளத்தைப் பார்த்து சிதோனி வண்டியை நிறுத்தி வைத்துக் காபி குடிப்பாள். அங்கேயே செய்தால் அவளும் கூட இருக்கிற மாதிரி இருக்கும் என்றான். அந்த இடத்துக் குட்டைச்சுவர் குளிர்கால மழையில் சரிந்துபோயிருந்ததை அவனும் பார்த்திருந்தான். நான் கட்டாமல் விட்டிருந்தேன். சனிக்கிழமை, மிச்சமிருந்த கற்களையும் ஓரமாக அகற்றிவைத்தேன்.

அவற்றில் ஒரு கல்லை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டேன். நல்ல கனமான கருங்கல். அதைச் சாக்கில் சுற்றி, விளிம்புக்குச் சற்று முன்னால், இடது சக்கரம் வரும் தடத்தில் புல்லுக்குள் பதித்தேன். சரிந்த சுவரின் கல் ஏதோ தற்செயலாகக் கிடந்து என் உயிரைக் காப்பாற்றியது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். தற்செயல் இல்லை. அந்தச் சாக்கு இப்போது என் கொட்டகையில் இருக்கிறது, டயர் பதிந்த தடம் அதில் தெரியும். எதற்காகச் சாக்கு என்று கேட்பீர்கள். கருங்கல்லில் நேராக மோதினால் ரிம் நெளிந்துவிடும், மேடம். அந்த ரிம் இப்போது கிடைப்பதில்லை.

அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். வந்ததும் வராததுமாகத் துணிக்கூரையைச் சுருட்டிவிட்டான், சிதோனி எப்போதும் திறந்துதான் வைத்திருப்பாளாம். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கீலைப் பார்த்தான். இருக்கையில் நான் போட்ட தையலை விரலால் தடவிப் பார்த்தான்.

"யாரு தைச்சது இதை?"

"எலி கடிச்சிருந்துச்சு."

"சார்" என்றான், குரல் தாழ்ந்துவிட்டது. "கடைசியாக் கேக்கறேன். வேணும்னு சொல்லிடுங்க. நான் இப்படியே சைக்கிள்ல வீட்டுக்குப் போயிடறேன். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"ஹேண்டிலைப் போடுங்க, டாக்டர். நேரமாகுது."

நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். கிளட்சை மிதித்துக்கொண்டு குடைக் கைப்பிடியை முதல் கியரில் போட்டேன். அவன் பார்த்திருக்கலாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். ஆனால் சம்பிரதாயப்படி தலையைக் குனிந்துகொண்டான். பள்ளத்துக்கு முதுகு காட்டி நின்று ஹேண்டில் போட்டான். இரண்டாம் சுற்றிலேயே கிளம்பிவிட்டது, நான் அவ்வளவு நன்றாக வைத்திருந்தேன். அவன் நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றி, முகமெல்லாம் சிரிப்பாக வண்டிக்கு ஒரு வணக்கம் வைத்தான். நான் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன்.

அது ஒன்றும் வேகமான வண்டி இல்லை. மெல்லத்தான் போயிற்று. அவனுக்குத்தான் பின்னால் கால் வைக்க இடமில்லை.

சங்கத்து ஆட்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் தெரியுமா? சவ ஊர்வலத்தில் மூன்று மாவட்டத்து இரண்டு குதிரைகளும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின, கல்யாண ஊர்வலம் தோற்றது. கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். வயசான காலத்தில் கிளட்சிலிருந்து கால் வழுக்கிவிட்டது, பாவம், இதை எப்படித் தாங்குவார் என்று. ஒருவனுக்காவது ஒரு சந்தேகம் வர வேண்டாமா? தன் தலைவன் செத்த விதத்தைப் பற்றி யோசிக்கத் தெரியாத கூட்டம்.

பஸ்தீத்தின் மகள் ஃப்ளாவியும் வந்தாள். பாலர் பள்ளியில் டீச்சர். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க, சார். அப்பா உங்களைப் பத்தி என்ன சொல்லுவார் தெரியுமா? 'அந்த மனுஷன் வாயில ஒண்ணு வெச்சிருக்கார், மனசுல ஒண்ணு வெச்சிருக்கார்'னு சிரிப்பார்." அப்புறம் சொன்னாள்: "அப்பா கிளப்பிட்டார் இல்லையா, அப்ப அது எங்க வண்டி. நான் பத்திரமாப் பாத்துக்கறேன். சிவப்பு பெயிண்ட் அடிச்சு மேல கறுப்புப் புள்ளி வைக்கப்போறேன், பூச்சி மாதிரி. பசங்கெல்லாம் ஏறி விளையாடுவாங்க."

"சிவப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆமா சார், நல்ல பளபளன்னு."

அது சாம்பல் நீலம், மேடம். மழை வருவதற்கு முன்னால் மலைக்கு ஒரு நிறம் இருக்குமே, அந்த நிறம்.

நேற்று உங்கள் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து, விபத்து என்று கோப்பை மூடியாயிற்று, திங்கட்கிழமை வண்டியை ஃப்ளாவியிடம் ஒப்படைக்கப்போகிறோம் என்றார். இரவெல்லாம் யோசித்தேன். எனக்கு நேர்மைதான் பெரிது. தராசில் ஒரு குன்றிமணி குறைந்தாலும் பொறுக்காதவன், ஒரு கொலையை விபத்து என்று எழுதிவைத்தால் எப்படிச் சும்மா இருப்பேன்? ஆகவே காலையில் எழுந்து வந்துவிட்டேன். கொலை வழக்கு என்றால் வண்டி சாட்சிப் பொருள் ஆகிவிடும், விசாரணை முடியும்வரை அதை யாரிடமும் கொடுக்க முடியாது, அப்படித்தானே? தீர்ப்பு வந்தால் நான் மேல்முறையீடு செய்வேன். அதற்கு மேலும் ஒன்று இருந்தால் அதையும் செய்வேன். எனக்கு அவசரமில்லை. வண்டியை நிறுத்தியிருக்கிற உங்கள் பின்பக்கத்துக் கொட்டகையில் புறாக்கள் அடைகின்றன, வரும்போது பார்த்தேன். அதற்கு மட்டும் ஏதாவது வழி செய்யுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அவன் விழுந்ததற்கும் நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்ததற்கும் நடுவே ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று அன்றைக்கே கேட்டீர்கள். அதிர்ச்சியில் உட்கார்ந்துவிட்டேன் என்றேன். அது பொய். கொஞ்சம் முன்னதாக உதவி வந்திருந்தால் ஆள் பிழைத்திருப்பான் என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். இருக்கலாம்.

எனக்கு வேலை இருந்தது. வண்டியைக் கையால் பின்னுக்குத் தள்ளி, கல்லிலிருந்து சாக்கை உருவினேன். அவனுடைய பெல்ட் கொக்கி இடித்து முன்பக்கத் தகட்டில் மெல்லிய கீறல் ஒன்று விழுந்திருந்தது. அதைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தேன், முழுக்கப் போகவில்லை. அப்போது மழை தூறத் தொடங்கிவிட்டது, அவன் கூரையை வேறு திறந்துபோட்டிருந்தான்.

கீழேயிருந்து அவன் குரல் கேட்டது. பாறைகளுக்கு நடுவே கிடந்துகொண்டு, விட்டுவிட்டுக் கூப்பிட்டான்.

"ஷபனெல் சார்... உங்களுக்கு ஒண்ணுமில்லையே... வண்டி தப்பிச்சுதா, சார்?"

இடுப்பு ஒடிந்து கிடக்கிற மனிதன் கேட்கிற கேள்வியா இது, நீங்களே சொல்லுங்கள். ஒரு தகர டப்பாவுக்காக உயிர் போகிற நேரத்திலும் உருகுகிற ஆட்கள், மேடம், இவர்களைத் திருத்தவே முடியாது. நான் இருக்கை நனைவதற்குள் கூரையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தேன்.